ஜப்பானுக்குத் தனியாகப் போகிறேன், அம்மாவுக்கு என்ன சொல்ல?

2024 பிப்ரவரி 11, கேள்வி

அக்கா, எனக்கு 23 வயது, திருச்சி. ஏப்ரலில் பத்து நாள் ஜப்பானுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், தனியாக. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. "சமயபுரத்துக்கே தனியாப் போனதில்ல, டோக்கியோவா" என்று அம்மா ஆரம்பிப்பாள். நீங்கள் போன வருஷம் தனியாகப் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். உலகத்திலேயே பாதுகாப்பான நாடு என்கிறார்களே, நிஜமா? உங்களுக்கு ஏதாவது நடந்ததா?

பிப்ரவரி 12

ஒன்றும் நடக்கவில்லை. 2023 நவம்பரில் 12 நாள் இருந்தேன். டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஒசாகா. அந்த 12 நாளில் என்னைத் தொட்டுத் தொல்லை கொடுத்த ஒரே ஆண், நாரா பூங்காவில் கொம்பு வெட்டின ஒரு மான். பிஸ்கட் தீர்ந்த பிறகும் சுடிதார் துப்பட்டாவை விடவில்லை.

ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நடக்கலாம். ஆறு வயதுக் குழந்தைகள் தனியாக ரயில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 119. ஸ்டேஷன் பக்கத்திலெல்லாம் கோபான் என்று குட்டி போலீஸ் நிலையம் இருக்கும், வழி கேட்கக்கூட அங்கே போகலாம். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சுற்று. ரயிலில் நம்ம ஊர் மாதிரி லேடீஸ் பெட்டி உண்டு, அதில் ஏறிவிடு. அம்மாவிடம் இதையெல்லாம் சொல். கிளம்பு.

பிப்ரவரி 12, ராத்திரி

பாஸ்போர்ட் விஷயத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன். ஐரோப்பா போய்வந்த சித்தப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஜப்பானில் சுற்றுலாவுக்கு வந்தவர்கள் பாஸ்போர்ட்டை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். ஜெராக்ஸ் செல்லாது. நானே 12 நாளும் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் திரிந்தேன். எழுதும்போது சித்தப்பா குரல் வந்துவிட்டது. ஜெராக்ஸையும் ஒரு போட்டோவையும் தனியாக வை. தொலைந்தால் முதலில் கோபானில் எழுதிக் கொடுத்துவிட்டு, டோக்கியோ இந்தியத் தூதரகத்துக்கோ ஒசாகா துணைத் தூதரகத்துக்கோ போக வேண்டும்.

ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி நகல் எடுப்பார்கள். பதறாதே, வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அதுவும் அங்கே விதி.

பிப்ரவரி 14

லேடீஸ் பெட்டி பற்றி ஒசாகாவில் இருக்கும் ஒருவர் திருத்தியிருக்கிறார். நம்ம புறநகர் ரயில் மாதிரி நாள் பூராவும் இருக்கும் என்று நினைத்துவிடாதே. டோக்கியோவில் பெரும்பாலும் வார நாள் காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும்தான். மணி ஒன்பது, ஒன்பதரை தாண்டினால் அதே பெட்டியில் எல்லோரும் ஏறுவார்கள். ஒசாகாவின் மிதோசுஜி மெட்ரோ பாதையில் வார நாளில் நாள் முழுக்க உண்டு. பிளாட்பாரத்துத் தரையில் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் நேரமும் எழுதியிருக்கும். சின்னப் பையன்களும் மாற்றுத்திறனாளிகளும் அவர்களோடு வருபவர்களும் அதில் ஏறலாம். அதனால் ஒரு ஆணைப் பார்த்த உடனே முறைக்காதே. நான் முறைத்தேன். அவர் கையில் வெள்ளைக் குச்சி இருந்தது. இன்னும் கூசுகிறது.

பிப்ரவரி 15

அத்தைகள் சொல்லும் யோசனை பற்றிக் கேட்டிருக்கிறாய். என் அத்தை, "கல்யாணம் ஆனவ மாதிரி மெட்டி போட்டுக்கோ, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்று சொல்லி அவள் மெட்டியையே கழற்றிக் கொடுத்தாள். ஜப்பானில் மெட்டி என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? அதுவும் நவம்பர் குளிரில் இரண்டு சாக்ஸுக்கும் ஷூவுக்கும் உள்ளே. ஆனால் கியோட்டோவில் ஒரு பழைய விடுதியில் செருப்பைக் கழற்றச் சொன்னபோது வயசான அம்மா ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு "கவாயீ" என்றார். அழகு என்று அர்த்தம். அத்தையிடம் சொன்னேன், குளிர்ந்துவிட்டாள்.

பிப்ரவரி 19

ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன். முழுக்கச் சரியில்லை. நடந்தது என்றும் சொல்ல முடியாது.

டோக்கியோவில் இரண்டாம் நாள் சாயங்காலம். தோழியின் அக்கா வீட்டுக்காரரோடு வேலை பார்க்கும் ஒரு அண்ணா, தமிழர். "நம்ம ஊர்ப் பொண்ணு தனியா வந்திருக்கே" என்று நிஷி கசாய்க்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அங்கே இந்தியக் குடும்பங்கள் நிறைய. சாம்பார் வாசனைக்காகவே போனேன். நன்றாகத்தான் பேசினார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், எந்த ஹோட்டல் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்லிவிட்டேன். ஊர்ப்பாசத்தில் மூன்றாவது கேள்வி, முதல் இரண்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

பில்லை அவரே கொடுத்தார். "தனியா எப்படிப் போவே" என்று ஹோட்டல் வரை வந்தார். லாபியில் நின்றுகொண்டு, "ரூம்ல கெட்டில் இருக்கும்ல, ஒரு காபி குடிச்சிட்டுக் கிளம்பறேன்" என்றார். எனக்கு வாயில் "இல்லண்ணா" வரவில்லை. சாப்பாடு வாங்கிக் கொடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்ற யோசனை.

அம்மாவும் நானும் ஒரு ரகசியச் சொல் வைத்திருந்தோம். நான் போன் போட்டு "ரசம் வெச்சியா" என்று கேட்டால் ஏதோ சரியில்லை, உடனே ஒரு சாக்குச் சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும். போட்டேன். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே ராத்திரி ஒன்பது, ஊரில் அஞ்சரை.

"ரசம் வெச்சியா மா?"

"மணி அஞ்சரைதானே ஆகுது, இப்பவே என்ன ரசம்? நீ சாப்ட்டியா?"

வைத்துவிட்டேன். பத்து விநாடி போயிருக்கும், அவளே திரும்பக் கூப்பிட்டாள். ஸ்பீக்கர் போடாமலே லாபி முழுக்கக் கேட்டது. "பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி, எல்லாரும் வீடியோல இருக்கோம், நீ உடனே ரூமுக்குப் போயி வா!" அண்ணா "அய்யோ, பாருங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரகசியச் சொல் வைத்தால் சமையல் சம்பந்தமாக வைக்காதே. அம்மாக்களுக்கு அது நிஜக் கேள்வி.

பிப்ரவரி 20

"ஒருத்தரை வைத்து எல்லாத் தமிழர்களையும் சந்தேகப்படுத்தாதீர்கள், பாவம் அவர் நிஜமாகவே காபி குடிக்க வந்திருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ரூம் வரை கூட்டிப்போக வேண்டும் என்கிறீர்களா?

பிப்ரவரி 24

மிளகு ஸ்பிரே கேள்வி. வேண்டாம். விமானத்தில் விடமாட்டார்கள், ஜப்பானில் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் போலீஸ் உன்னைத்தான் விசாரிக்கும். அதற்குப் பதில் அங்கே பள்ளிக் குழந்தைகள் புத்தகப் பையில் முட்டை மாதிரி ஒன்று தொங்கவிட்டிருப்பார்கள், கவனித்துப் பார். கயிற்றை இழுத்தால் காது கிழியும்படி அலறும். 100 யென் கடைகளிலேயே கிடைக்கிறது. நானும் ஒன்று வாங்கினேன், மஞ்சள் நிறம்.

ஜப்பானில் ஒருமுறைகூட இழுக்கவில்லை. டிசம்பரில் தாம்பரம் ரயிலில், பூக்கார அம்மா ஒருத்தர் கூடையில் கயிறு மாட்டி இழுத்துக்கொண்டது. லேடீஸ் பெட்டி மொத்தமும் எழுந்து நின்றது. குரோம்பேட்டை வரை அலறினது. எப்படி நிறுத்துவது என்று அட்டையில் ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தது, அட்டையைக் கியோட்டோவிலேயே குப்பையில் போட்டிருந்தேன். பிடுங்கின ஊசியைத் திரும்பச் செருகினால் நின்றுவிடும். நீ முதலிலேயே தெரிந்து வைத்துக்கொள்.

மார்ச் 2

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். மான் ஜோக் அடித்தேன் இல்லையா, அது பொய்.

டோக்கியோவில் மூன்றாம் நாள் காலை, மணி எட்டேகால். எந்தப் பாதை என்று சொல்லவில்லை, எல்லாப் பாதையிலும் அந்த நேரத்தில் அதே கூட்டம்தான். லேடீஸ் பெட்டி எந்த முனையில் நிற்கும் என்று தெரியாமல் நடுவில் ஏறிவிட்டேன். மூச்சு விட்டால் முன்னால் நிற்பவரின் கோட்டில் படும். இடுப்புக்குக் கீழே ஏதோ பட்டது. யாரோ பை என்று நினைத்தேன். பைக்கு விரல் கிடையாது என்று புரிய ஒரு ஸ்டேஷன் ஆயிற்று.

நான் சென்னையில் 29சி பஸ்ஸில் நாலு வருஷம் போய்வந்தவள். துப்பட்டாவில் எப்போதும் ஊக்கு இருக்கும். இரண்டு பேருக்குக் குத்தியிருக்கிறேன், ஒருத்தனைச் சட்டையைப் பிடித்து கண்டக்டரிடம் விட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் அன்றைக்கு அசையவில்லை. ஏன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த ரயில் அவ்வளவு அமைதி. நூறு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், ஒரு இருமல்கூட இல்லை. போன் பேசக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். அந்த அமைதியில் நான் கத்தினால் நான்தான் தப்புச் செய்தவள் மாதிரி இருக்கும் என்று தோன்றியது. விருந்துக்குப் போன வீட்டில் பாத்திரத்தை உடைக்கிற மாதிரி. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். அது என் ஸ்டேஷன் இல்லை. பிளாட்பாரத்து மெஷினில் சூடான டப்பா காபி வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முகம்கூடப் பார்க்கவில்லை.

அதற்கு அங்கே பெயரே இருக்கிறது, சிகான். ஸ்டேஷன் சுவர்களில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், நான் அதைப் படம் என்று ரசித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

திரும்பி வந்து யாரிடமும் சொல்லவில்லை. பயந்ததால் இல்லை. சொன்னால் "பாத்தியா, அப்பவே சொன்னேன்" என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள், அடுத்த பயணம் போய்விடும். அதனால் "சூப்பரா இருந்துச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு முன்னால் போய்வந்த ஒரு தோழி என்னிடம் சொன்னதும் அதே "சூப்பர்"தான். போன மாதம் அவளிடம் கேட்டேன். அவளுக்கும் ரயில், அவளுக்கும் காலை நேரம். இரண்டு பேரும் அவரவர் டிக்கெட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். நீ கேட்ட முதல் கேள்விக்கு நானும் அதையே செய்தேன். மன்னித்துக்கொள்.

மார்ச் 3

"இதுக்குத்தான் குடும்பத்தோட போகணும்னு சொல்றது." இதை எழுதியவருக்கு: 29சி பஸ்ஸில் நான் பாதி நாள் அண்ணனோடுதான் போனேன். அவன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருப்பான்.

மார்ச் 3, மறுபடி

தங்கச்சி, நீ பயந்துபோய் டிக்கெட்டை கேன்சல் செய்யப் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். நான் தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், போவதற்கு முன்னால் தெரிந்திருந்தால் அந்த அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

டோக்கியோ போலீஸே ஒரு செயலி வைத்திருக்கிறது, டிஜி போலீஸ் என்று பெயர். அதில் ஒரு பட்டனை அழுத்தினால் "யாமெதெ குதாசாய்", அதாவது நிறுத்துங்கள், என்று போன் முழுச் சத்தத்தில் கத்தும். கத்தவும் தயக்கமாக இருந்தால் இன்னொரு பட்டன்: "சிகான் இருக்கிறான், உதவுங்கள்" என்று திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வரும், பக்கத்தில் நிற்பவரிடம் காட்டினால் போதும். 2019க்குள்ளேயே 2 லட்சம் பேருக்கு மேல் இறக்கி வைத்திருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு விசித்திரமான ஆறுதல். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெண்களுக்கும் அந்த அமைதியில் வாய் வரவில்லை என்பதால்தானே அவர்களுக்குப் பதிலாகக் கத்த போலீஸ் ஒரு போனைத் தயார் செய்திருக்கிறது.

பட்டனும் வேண்டாம் என்றால் தமிழிலேயே கத்து. "ஏய்!" போதும். மொழி எதுவானாலும் அந்தப் பெட்டியில் முப்பது தலை திரும்பும். இறங்கினால் ஸ்டேஷன் ஊழியரிடம் "சிகான்" என்று ஒரு வார்த்தை சொல், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை ரயில் ஏறாமல் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது, சுற்றுலா வந்தவளுக்கு ஆபீஸா போகிறது? கட்டாயமென்றால் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் எங்கே என்று முதல் நாளே பார்த்து வை.

சட்டமும் சும்மா இல்லை. திருத்திய பாலியல் குற்றச் சட்டங்கள் 2023 ஜூலையில் அமலுக்கு வந்தன, அனுமதியில்லாமல் ஆபாசமாகப் படம் எடுப்பது அப்போதிலிருந்து நாடு முழுவதும் தனிக் குற்றம். அங்கே விற்கும் பெரும்பாலான போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது, அதற்கும் இப்படித் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பவர்கள்தான் காரணம்.

மார்ச் 8

ஷிஞ்சுகு ஸ்டேஷன் பற்றி. 200 வாசலுக்கு மேல் இருக்கிறது, மீனாட்சியம்மன் கோயிலில் தொலைந்தவர்களுக்கு ஓரளவு பயிற்சி இருக்கும். அங்கே வேண்டுமென்றே பெண்கள் மேல் தோளால் இடித்துவிட்டுப் போகும் ஆண்கள் உண்டு, அவர்களுக்கும் ஜப்பானிய மொழியில் தனிப் பெயர் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்காதே, சுவர் ஓரமாக நின்று மேப்பைப் பார்.

வெளியே வந்தால் கபுகிச்சோ, பார்களும் கிளப்புகளும் நிறைந்த பகுதி. விளக்குகளைப் பார், போட்டோ எடு, தெருவில் நின்று கூப்பிடுகிறவர்களோடு மட்டும் போகாதே. "போகாதீர்கள்" என்று அந்தத் தெருவிலேயே ஸ்பீக்கரில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆண்களை மட்டும்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். ஹோஸ்ட் கிளப் என்று பெண்களுக்கான கடைகள் உண்டு, தலை சீவின பையன்கள் இனிக்க இனிக்கப் பேசி மது ஊற்றுவார்கள். முதல் தடவை மலிவு. அப்புறம் கடன் ஏறும். அங்கத்திய இளம்பெண்கள் அந்தக் கடனில் மாட்டிக்கொள்வது 2023 கடைசியில் நாடாளுமன்றம் வரை போன விஷயம். என்னையும் ஒரு பையன் கூப்பிட்டான். என் ஸ்வெட்டரையும் மங்கிக் குல்லாவையும் பார்த்துமா என்று எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 9

கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில் போய்விடும், விட்டால் காலை ஐந்து மணி வரை இல்லை. டாக்ஸிக்கு ராத்திரி பத்துக்கு மேல் 20 சதவீதம் கூடுதல். கதவு தானாகத் திறக்கும், நீ இழுக்காதே.

ராத்திரி யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தால் 24 மணி நேரக் கடைக்குள் போய்விடு. கொம்பினி என்பார்கள், தெருவுக்கு ஒன்று இருக்கும். பெண்களோ குழந்தைகளோ ஓடி வந்தால் உள்ளே நிற்கவைத்து போலீஸைக் கூப்பிடும் ஏற்பாடு அந்தக் கடைகளுக்கு உண்டு. எனக்குத் தேவைப்படவில்லை. ஓனிகிரி என்ற சோற்று உருண்டைக்காக மட்டும் தினம் மூன்று தடவை போனேன். மீன் துண்டு இல்லாதது வேண்டுமென்றால் உமேபோஷி என்று கேள், நம்ம நார்த்தங்காய் ஊறுகாயின் ஒன்றுவிட்ட தங்கை.

ஆங்கிலத்தில் பேச ஜப்பான் சுற்றுலா அமைப்பின் உதவி எண் 050-3816-2787, நாள் முழுக்க எடுப்பார்கள். போனில் இப்போதே சேமி.

மார்ச் 10

வெந்நீர்க் குளியலறை. ஆண், பெண் தனித்தனி, வாசலில் திரைச்சீலை தொங்கும். பெண்களுக்குச் சிவப்பு, ஆண்களுக்கு நீலம் என்பது வழக்கம், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. சில விடுதிகளில் ராத்திரி ஒரு பக்கமும் காலையில் மறு பக்கமும் மாற்றிவிடுவார்கள். அதனால் நேற்று போன ஞாபகத்தில் தூக்கக் கலக்கத்தோடு நுழையாதே. "பெண்" என்ற எழுத்தைப் படித்து வை. ஒருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். ஆண் எழுத்து தலையில் ஜன்னல் வைத்த மாதிரி. நான் நுழைந்தேனா என்று கேட்காதே.

மார்ச் 17

நிலநடுக்கம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்த ஜனவரி 1ஆம் தேதி நோட்டோ பகுதியில் 7.6 வந்தது. எல்லோரும் ஆண்களைப் பற்றியே கேட்கிறீர்கள், தரை ஆடினால் என்ன செய்வாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த நாட்டுச் சுற்றுலாத் துறையின் சேஃப்டி டிப்ஸ் செயலியைப் போட்டுக்கொள், ஆங்கிலத்தில் எச்சரிக்கை வரும். அறைக்குப் போன உடனே அவசரப் படிக்கட்டு எங்கே என்று ஒருமுறை நடந்து பார். ராத்திரி ஷூவைக் கட்டில் பக்கத்தில் வை, கண்ணாடி உடைந்து கிடந்தால் வெறுங்காலில் ஓட முடியாது.

மார்ச் 18

அம்மாவுக்கு லைவ் லொகேஷன் அனுப்பலாமா என்றால், நான் அனுப்பினேன், இப்போது அது சரியா என்று தெரியவில்லை. வாட்ஸாப்பில் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். நாராவில் போன் சார்ஜ் போய்விட்டது. நீலப்புள்ளி காட்டுக்குள் போய் நின்றுவிட்டது என்று அம்மா மூன்று மாமாக்களைக் கூப்பிட்டுவிட்டாள். அது காடு இல்லை, மான் பூங்கா. அதற்குப் பிறகு காலை ஒரு மெசேஜ், ராத்திரி அறைக்கு வந்ததும் "வந்துட்டேன்" என்று ஒன்று. ஊர் நேரம் ஒன்பது மணிவரை அது வராவிட்டால் மட்டும் கவலைப்படு என்று பேசிவைத்தோம். இரண்டு பேரும் தூங்கினோம். பவர் பேங்க் எடுத்துப் போ.

ஏப்ரல் 16

தங்கச்சி ஒசாகாவிலிருந்து எழுதியிருக்கிறாள். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனாளாம், ரயில் விஷயம் உட்பட. ரகசியச் சொல் "எல்ஐசி". அதை அவள் அப்பா சும்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட, இவள் அங்கிருந்து பதறியிருக்கிறாள். மிதோசுஜியில் லேடீஸ் பெட்டியில் ஏறின போட்டோ அனுப்பியிருக்கிறாள். மற்றவர்கள் முகம் தெரிந்ததால் இங்கே போடவில்லை.

ஏப்ரல் 21

என் அம்மா இதையெல்லாம் படித்துவிட்டாள். சித்தி பெண் ஒருத்தி போனில் காட்டியிருக்கிறாள். பாளையங்கோட்டையிலிருந்து நேற்று ராத்திரி போன். "பாத்தியா" வரும் என்று காத்திருந்தேன்.

"அந்த ஊக்க ஏன் எடுத்துட்டுப் போகல?" என்றாள்.

கோட் போட்டிருந்தேன், துப்பட்டா இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நான் காலேஜ் போகையில ஜங்ஷன் பஸ்ல ஒருத்தன் வருவான்..." என்று ஆரம்பித்தாள். 40 நிமிஷம் பேசினாள். இந்த 27 வருஷத்தில் நான் கேட்காத கதை. அவளும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலேஜை நிறுத்தியிருப்பார்களாம்.

அக்டோபரில் வியட்நாம் போகலாம் என்றிருக்கிறேன். அம்மா அதற்குள் ஒரு அட்டை ஊக்கு வாங்கி வைத்திருக்கிறாள். விமானத்தில் கைப்பையில் விடுவார்களா என்று கேட்டாள்.

விடுவார்கள்.